கீழ்த்தளத்துக் கதவு

பிப்ரவரி 3, ஞாயிறு

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகாக இருக்கும் என்பதற்காக ஒரு வரியைச் சேர்க்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது என்பதற்காக ஒரு வரியை விடவும் மாட்டேன். போர் நடந்தபோது எழுதியதில் பாதி பொய் என்று பத்திரிகைகள் இப்போது தாங்களே எழுதுகின்றன. அப்படியானால் இப்போது எழுதுவதில் எவ்வளவு பொய்? யாருக்குத் தெரியும்? ஒரு வீட்டில் ஒருத்தியாவது உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கட்டும்.

முதலில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. கீழே அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. அம்மா கப்பல் பட்டறையில் வெல்டர். ஆண்கள் போருக்குப் போனதும் பட்டறையில் பெண்களைச் சேர்த்தார்கள். அம்மா முதல் வரிசையில் போய் நின்றாள். அப்பா போர்க்கப்பலில் இன்ஜின் அறையில் இருந்தவர். போர் முடிந்து வந்ததிலிருந்து வேலை தேடுகிறார்.

இல்லை. முதல் நாளே பொய் கூடாது. தேடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்க்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

வந்த வாரமே வீட்டிலிருந்த தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றிவிட்டார். குளியலறைக்குக்கூடக் கிடையாது. உள்ளே ஆள் இருந்தால் பாட வேண்டும், அதுதான் அடையாளம். எனக்குப் பாட்டு வராது. அதனால் பதினேழாம் வாய்ப்பாடு சொல்கிறேன்.

இரவு முழுவதும் எல்லா விளக்கும் எரிய வேண்டும். போரின்போது ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி இருட்டில் கிடந்தோம். இப்போது வெளிச்சத்தில் கிடக்கிறோம். அதே கறுப்புத் துணியில் ஒரு பட்டை கிழித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். தெருவில் எங்கள் வீட்டுக்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர்.

"நேத்து ரெண்டு படகு வழி தெரியாம நம்ம மாடிப்படிக்கே வந்துருச்சாம், நான்தான் திருப்பி அனுப்பினேன்" என்று அத்தை காலையில் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. அப்பா கொஞ்சம் சிரித்தார்.

பிப்ரவரி 5

பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அடுத்த அறையிலிருந்து வந்து, பென்சிலை என் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து, ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. தபால்காரர்கூடக் கீழே நின்று குரல் கொடுப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நினைப்பது இது எத்தனையாவது தடவை!

பிப்ரவரி 9

அம்மா பட்டறையிலிருந்து வந்ததும் கை கழுவாமல் உட்கார்ந்தாள். அவள் அப்படிச் செய்பவள் இல்லை.

"இன்னிக்கு ஒரு கப்பலை இழுத்துட்டு வந்தாங்க. மத்ததையெல்லாம் ஒடைக்கிறாங்க, இத மட்டும் பயணிகள் கப்பலா மாத்தப் போறாங்களாம்" என்றாள்.

"எது?" என்றார் அப்பா.

அம்மா அவரையே பார்த்தாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. அது அப்பாவின் கப்பல்.

"அதையா? அதுல போய் யார் ஏறுவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து சுவரைப் பார்க்கப் போய்விட்டார். கடலோரச் சுவரை.

பிப்ரவரி 10

அப்பா சாப்பிடவில்லை.

பிப்ரவரி 18

எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் பாதி இன்னும் மருத்துவமனையாகத்தான் இருக்கிறது. அதனால் எங்களுக்குக் காலையில் மட்டும் வகுப்பு. மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போவது என் வேலை. வாசலில் தந்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. இன்று காவலாள் வேறு பக்கம் திரும்பியிருந்தார், நான் உள்ளே போய்விட்டேன்.

கப்பலை நன்றாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னது. சாம்பல் நிறம், இடுப்பு முழுக்கத் துரு. முன்னால் இருந்த பீரங்கியைக் கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. பீரங்கி அந்தரத்தில் தொங்கியபோது அதன் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. கிழவருக்கு மூக்கு ஒழுகுவது போல. (இது அழகுக்காக எழுதியது இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.) பீரங்கி இருந்த இடத்தில் வட்டமான இரும்புத் திட்டு மிஞ்சியது. அதை அறுத்து எடுக்கச் செலவாகுமாம். அதனால் அதைச் சுற்றிக் கண்ணாடி வைத்து டீ குடிக்கிற இடமாக ஆக்கப் போகிறார்களாம். குண்டுகள் அடுக்கியிருந்த அறையில் பெட்டி படுக்கை வைப்பார்கள்.

அம்மாவின் மேஸ்திரிக்கு விசில் என்று பட்டப்பெயர். பேசும்போது முன்பல் இடைவெளியில் காற்று போகும். என்னைப் பிடித்துவிட்டார். ஆனால் விரட்டவில்லை.

"வெல்டரம்மா பொண்ணா? இங்க வா. இந்தத் தையலைத் தொட்டுப் பாரு" என்றார். இரண்டு இரும்புத் தகடுகளைச் சேர்த்து ஒட்டிய கோட்டைத் தையல் என்றுதான் சொல்கிறார்கள். "இந்தப் பட்டறையில எந்தத் தையலை எவர் போட்டதுன்னு கண்ணை மூடிட்டு விரலால தடவிச் சொல்லிருவேன். இது கைலி போட்ட கழுதை ஒருத்தன் போட்டது. இது உங்கம்மா போட்டது. மீன் செதில் மாதிரி இல்ல?"

மீன் செதில் போலத்தான் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே அளவில், கொஞ்சமும் பிசிறில்லாமல். அம்மா முகத்தை மறைத்திருந்த தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "அவ இங்க நிக்கக் கூடாது மேஸ்திரி" என்று சொன்னாள். ஆனால் அவள் முகம் சிவந்திருந்தது, சூட்டினால் மட்டும் இல்லை.

பிப்ரவரி 26

இன்று தெரிந்துகொண்டேன். எழுதத்தான் வேண்டும்.

சாயந்திரம் சுருட்டு மாமா வந்தார். அப்பாவோடு அதே கப்பலில் இருந்தவர். சுருட்டைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருப்பார். மாற்றிய கப்பலை ஓட்டப் போகிற கம்பெனி, பழைய இன்ஜின் ஆட்களையே திரும்ப எடுக்கிறதாம். மாமா சேர்ந்துவிட்டார். அப்பாவையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா வீட்டில் இல்லை. மாமா சமையலறை வாசலில் நின்றபடி அம்மாவிடம் பேசினார். நான் அடுத்த அறையில் இருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் கதவு எதுவும் மூடுவதில்லையே.

"அவன் சொல்லவே இல்லையா உங்ககிட்ட?"

"எதை?"

அப்புறம் மாமா சொன்னார். கப்பலுக்கு அடி பட்ட அன்று கொதிகலன் அறையில் தண்ணீர் பாய்ந்தது. அந்த அறைக்கும் இன்ஜின் அறைக்கும் நடுவில் இரும்புக் கதவு ஒன்று. ஒரு பக்கத்துத் தண்ணீர் மறு பக்கம் வராதபடி இறுக்கி மூடுகிற கதவு. மேலேயிருந்து மூடு என்று உத்தரவு. கதவுக்குப் பக்கத்தில் நின்றது அப்பா. மூடினார். அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் தட்டினாங்க" என்றார் மாமா. "எனக்கும் கேட்டுச்சு. நான் கொஞ்சம் தள்ளி நின்னேன். அவன் கைய அந்தப் பிடியில வச்சிட்டு நின்னான்."

அம்மா அடுப்பை அணைத்தது கேட்டது.

என் பென்சில்.

மார்ச் 2

அம்மா எடுத்த எடுப்பில் அப்பாவிடம் வேலையைப் பற்றிப் பேசினாள். கதவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்தக் கப்பல் வேலையோட பொம்பளைங்க எல்லாருக்கும் கணக்கு முடிக்கிறாங்க. ஆம்பளைங்க திரும்பிட்டாங்கல்ல. அதுக்கப்புறம் நமக்கு என்ன வழி?"

"தெரியும்."

"தெரிஞ்சா சுவத்துல போய் உக்காந்தா ஆச்சா?"

இதை அம்மா சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்கும் தெரிந்தது. அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது; நாங்கள் எல்லாரும் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருந்த விஷயம் அது. கீழேயிருந்து அத்தை, "தம்பியைப் பேசாத, அவன் போருக்குப் போய் வந்தவன்" என்று கத்தினாள். அம்மா மேலேயிருந்து, "நானும்தான் போனேன், பட்டறை வாசல் வழியா" என்றாள். அத்தைக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மார்ச் 6

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் நாளிலிருந்து வேலை.

சந்தோஷப்பட வேண்டும். யாரும் படவில்லை. அப்பா இரவில் எழுந்து எழுந்து விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்கிறார். எல்லாம் எரிகின்றன. ஆனாலும் பார்க்கிறார். கீழே இறங்க முடியுமா என்று கம்பெனியில் யாரும் அவரைக் கேட்கவில்லையா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

மார்ச் 14

மதியம் சாப்பாடு கொண்டு போனபோது அம்மா ஓடிவந்து வாங்கினாள். முகம் வேறு மாதிரி இருந்தது. பரீட்சையில் கேள்வி முன்பே தெரிந்தவள் முகம் போல.

"என்னம்மா?"

என்னை மரக்கட்டைகளுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அந்தக் கதவு இனிமே மூடாது."

"எந்தக் கதவு?"

"எந்தக் கதவுன்னு உனக்குத் தெரியும். நீயும் அன்னிக்குக் கேட்டுட்டுதானே இருந்த." அவளை இன்று இன்ஜின் அறையில் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கதவை முழுக்கத் திறந்து சுவரோடு ஒட்டி, அந்த நிலையிலேயே, கீல் பக்கமும் அடிப்பக்கமும் தகட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். நாளைக்கு அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். "யார் வந்து மூடுன்னு சொன்னாலும் அவரால மூட முடியாது. புரியுதா? அவர் கையில இனிமே அது இல்லை."

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு அன்பை நான் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை.

மார்ச் 15

நூலகத்தில் கப்பல்கள் பற்றிய தடிப் புத்தகத்தை எடுத்தேன். அதை எடுத்திருக்கக் கூடாது. இல்லை — எடுத்தது சரிதான்.

கப்பலின் வயிற்றைச் சுவர் சுவராகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அறை நிறைந்தாலும் மற்ற அறைகளில் காற்று இருந்தால் கப்பல் மிதக்கும். கதவுகள் மூடினால்தான் அது நடக்கும். நடுவில் இருக்கிற இரண்டு பெரிய அறையும் சேர்ந்து நிறைந்தால் மிதக்காது. கீழே படம் போட்டிருந்தார்கள். நடு அறைகளுக்கு நீல மசி.

அந்தக் கப்பலில் குழந்தைகளுக்கென்று நீளமான பெஞ்சு போடுகிறார்கள். நானே பார்த்தேன்.

மார்ச் 16

அம்மாவிடம் சொன்னேன். படத்தைப் பார்த்து வரைந்தும் காட்டினேன்.

"போர் முடிஞ்சாச்சு. யாரும் இனி குண்டு போட மாட்டாங்க" என்றாள்.

"பாறைல மோதலாம்மா. வேற கப்பல் மோதலாம்."

"உனக்கு மூணு வருஷமா நான் கப்பல் கட்டிக் காட்டியிருக்கேன், நீ எனக்குப் படம் போட்டுக் காட்டுறியா?" என்றாள். பிறகு தணிந்த குரலில், "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எல்லாம் தெரியும். அவர் அந்த ரூமுக்குள்ள இறங்கணும், அவ்வளவுதான். அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

அப்புறம் என்றால் எப்போது?

"அந்த நோட்டுல இதையெல்லாம் எழுதுறியா?"

"ஆமா."

"எழுதாத."

எழுதிவிட்டேன்.

மார்ச் 19

சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும். அப்பா கீழே இறங்க மாட்டார். சொல்லாவிட்டால் ஒருவேளை எதுவுமே நடக்காது. ஒருவேளை. அந்தப் பெஞ்சில் எத்தனை குழந்தைகள் உட்காரலாம் என்று கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

நாளை மறுநாள் சோதனை அதிகாரி வருகிறார். அவர் பார்த்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காமல் விட்டுவிட்டால்? வெள்ளைப் பெயின்ட் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டுகிறது.

நான் கோழை. இதுவும் உண்மை, எழுதியாயிற்று.

மார்ச் 20

பள்ளிக்கூடம் விட்டதும் சுவருக்குப் போனேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். இதுவரை நான் அங்கே உட்கார்ந்ததில்லை. அவர் ஆச்சரியப்படவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அப்பா, கீழ்க்கதவு..." என்றேன்.

"மாமா உளறிட்டானா?"

"ஆமா. ஆனா அது இல்லை." எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, தையல், பெயின்ட், புத்தகத்தின் நீலப் படம். சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் பார்த்தார்.

"முழுசா தச்சிருக்காளா, இல்ல அங்கங்க பொட்டு வச்ச மாதிரியா?"

"முழுசா."

"அப்ப உளி வேணும்" என்றார். எழுந்து பட்டறைப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். "நீ வீட்டுக்குப் போ" என்றார், திரும்பாமல்.

போனேன்.

மார்ச் 20, மறுபடியும்

அம்மா வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். கையுறை, கண்ணாடி, தலைக்கவசம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அவை பட்டறையிலேயே இருக்க வேண்டியவை, அவளுடைய ஆணியில்.

சுருட்டு மாமா பிறகு வந்து அத்தையிடம் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். அப்பா யாரையும் கேட்காமல் இன்ஜின் அறைக்குள் இறங்கியிருக்கிறார். ஏணியில் பாதியில் ரொம்ப நேரம் நின்றாராம். பிறகு மீதியும் இறங்கினார். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு உளியும் சுத்தியலுமாக ஆரம்பித்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் உடைத்துவிட்டு மேலே வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார் போலிருக்கிறது. ஆனால் இரும்பில் சுத்தியல் விழுந்தால் கப்பல் முழுக்கக் கேட்கும். விசில் மேஸ்திரி வந்துவிட்டார். அப்பா, "நான்தான் செஞ்சேன்" என்றாராம். மேஸ்திரி குனிந்து, விரலால் தடவி, "பொய் சொல்றதுன்னா கையெழுத்தையாவது மாத்தி வச்சிட்டு சொல்லணும்" என்றாராம். மீன் செதில்.

மேஸ்திரி போலீஸுக்குச் சொல்லவில்லை. மேலிடத்தில் தையல் தவறு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு வேலை போக அதுவே போதும்.

"அசிங்கமா நாலு கோடு இழுத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. மூடத்தனமா ஏன் இவ்வளவு நல்லாப் போட்ட?" என்று அத்தை கேட்டாள்.

"அசிங்கமாப் போடக் கை வரலை" என்றாள் அம்மா.

என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 21

நேற்று அப்பா வந்தபோது நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம், அதாவது தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் விரல் முட்டிகளில் தோல் இல்லை. அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் பேசிக்கொண்டதை ஒரு சொல் விடாமல் எழுத முயல்கிறேன்.

"நல்லாத்தான் போட்டிருந்த. ஒடைக்க சாயந்திரம் வரைக்கும் ஆச்சு."

"உங்களுக்காகத்தான்."

"தெரியும்."

அம்மா அவர் கையைத் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு அது இப்படி ஒட்டிட்டு இருந்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன்" என்றார் அப்பா. "அந்தச் சுருட்டு வந்திருக்க மாட்டான். மேல இருந்தவங்க ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்."

"அப்ப நீங்க செஞ்சது சரிதானே? அதைத்தானே நான்..."

"சரின்னு நான் சொல்லல." கையை இழுத்துக்கொண்டார். "சரின்னு யாரும் என்கிட்ட சொல்லாதீங்க. கதவுன்னா மூடணும். அதை மட்டும் சொல்றேன்."

பிறகு அந்த மூன்று பேரின் பெயர்களையும் சொன்னார். ஒருவனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்ததாம். தட்டியதில் ஒன்று அவனுடையது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் எப்போதும் மோதிர விரலால் தட்டுவானாம், மோதிரம் இரும்பில் படும் சத்தம் வேறாம்.

பெயர்களை இங்கே எழுதவில்லை. இது மறைப்பது ஆகாது என்று நினைக்கிறேன். அவை என்னுடையவை அல்ல.

விளக்குகள் எரிந்துகொண்டேதான் இருந்தன.

மார்ச் 22

நேற்று சோதனை நடந்தது. எல்லாக் கதவுகளும் மூடின. மாமா சொன்னார். அந்தக் கதவை மூடிக் காட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மார்ச் 29

அம்மா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். "தண்ணி எடு." "ஜன்னலைச் சாத்து." அவள் திட்டினால் பதில் சொல்ல ஒரு பக்கம் நிறைய வாக்கியங்கள் தயாராக வைத்திருக்கிறேன். அவள் திட்டுவதில்லை.

பட்டறையிலிருந்த மற்றப் பெண்களுக்கும் நேற்றோடு வேலை முடிந்தது. அவர்களுக்கு ஆளுக்கொரு பூங்கொத்தும் கைதட்டலும் கிடைத்ததாம். அம்மாவைக் கூப்பிடவில்லை. அவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். இரண்டு பேர் மேலே பார்த்துக் கையாட்டினார்கள். ஒருத்தி, "ஏ கலங்கரை விளக்கம், இறங்கி வாயேன்!" என்று கத்தினாள். அம்மா ஜன்னலிலிருந்து நகர்ந்துவிட்டாள். அவள் புருவத்தில் பழைய தீப்பொறிச் சூடு ஒன்று உண்டு. அதைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சொன்னது சரி. சரி என்பதால் என்ன? நானும் இப்போது அப்பா மாதிரி ஆகிவிட்டேனோ?

ஏப்ரல் 7

தொழிலாளர்களின் குடும்பங்களுக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டினார்கள். அம்மாவுக்கு அனுமதி இல்லை. அத்தையும் நானும் போனோம்.

வெள்ளை, வெள்ளை, எங்கும் வெள்ளை. பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்த எண்ணை அழித்துவிட்டு ஒரு பூவின் பெயரை எழுதியிருக்கிறார்கள். வெயில் சாய்வாக விழுந்தால் பூவுக்குப் பின்னால் எண் தெரிகிறது. எங்களுக்குக் காட்டிய இளைஞர் போரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இங்கே டீ கிடைக்கும், இங்கே கடல் காற்று நன்றாக வரும்" என்று சொல்லிக்கொண்டே போனார். பீரங்கித் திட்டில் வட்ட மேசை. அத்தை அதில் உட்கார்ந்து, "நம்ம தெருவுல இருக்கிற நாலு பேர் வீட்டை இங்கேருந்து சுடலாம்போல இருக்கே" என்றாள். இளைஞர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

கீழே போக அனுமதி இல்லை. ஆனால் சுருட்டு மாமா ஏணி வாயிலில் நின்றார். என்னை மட்டும் விட்டார். எண்ணெய் நாற்றம், சூடு. அப்பா அழுக்குத் துணியால் ஒரு பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், சுவரில் உட்கார்ந்திருந்தபோது அசைத்திருக்க வேண்டியது போல.

அந்தக் கதவு திறந்திருந்தது. சாதாரணக் கதவுதான். என் தோள் உயரத்துக்கு ஒரு பிடி, தேய்ந்து பளபளப்பாக. விளிம்பில் அம்மாவின் தையலை உடைத்த தழும்பு. அதன் மேல் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. விரலால் தடவினேன். கீழ்மூலையில் கொஞ்சம் செதில் மிச்சம் இருந்தது. அப்பா அதை உடைக்காமல் விட்டிருக்கிறார். மூடுவதற்கு அது தடை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பாத்தியா?" என்று கேட்டாள். பதினெட்டு நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. செதிலைப் பற்றிச் சொன்னேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு என் தலைமுடியை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, வலிக்க வலிக்கப் பின்னிவிட்டாள்.

ஏப்ரல் 18

கப்பல் புறப்பட்டது. வாத்தியம், கொடிகள், தொப்பி வைத்த பெரிய மனிதர்கள். அம்மாவும் நானும் கூட்டத்துக்குள் போகாமல் அப்பாவின் சுவரில் உட்கார்ந்து பார்த்தோம். கப்பலில் இருக்கிற விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள், பகலிலேயே.

"அவர் கீழ இருக்கார், இதெல்லாம் அவருக்குத் தெரியாது" என்றாள் அம்மா. கப்பல் திரும்பும்போது பக்கத் தகடுகளைக் கைநீட்டிக் காட்டினாள். "அது நான் போட்டது. அதுவும். அந்தக் கோணல் நான் போட்டது இல்லை."

துணி தைக்கிற கடையில் ஆள் வேண்டுமாம். அம்மா நாளைக்குப் போய்க் கேட்பாள். "தையல்தானே" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

ஏப்ரல் 21

அப்பா இல்லாத மூன்று இரவும் நாங்கள் விளக்கை அணைக்கவில்லை. அணைக்கலாமா என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இப்போது எங்களுக்கும் பழகிவிட்டதா?

இன்று சாயந்திரம் கப்பல் திரும்பி வருகிறது.

ஏப்ரல் 22, காலை

நேற்று எழுத முடியவில்லை. அப்பா வந்தார், சாப்பிட்டார், கடலில் காற்று அதிகம் என்றார். நாங்கள் படுத்த பிறகு எழுந்து ஒவ்வோர் அறையாகப் போனார். கதவுகளைச் சாத்தினார். அம்மா படுக்கையில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. நான் கண்ணில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தேன். அவிழ்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அப்பா எல்லா விளக்குகளையும் அணைத்திருந்தார்.